மீன் என்று எழுதினேன்

விமானத்தின் வாலுக்குக் கீழே, கடைசி முனையில், ஒரு ஓட்டை இருக்கும். பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். கூச்சப்படத் தேவையில்லை, அது நீங்கள் நினைக்கிற அந்த இடந்தான். உள்ளே ஒரு சின்ன எஞ்சின் இருக்கிறது, அதன் புகை அந்த வழியால் வெளியே போகிறது. ஏ.பி.யு. என்று சொல்லுவோம். பதினாறு வருடமாக நான் சோறு தின்பது அந்த ஓட்டையின் புண்ணியத்தில்.

கனடாவில் நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் எந்தப் பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனாலும் ஒரு அங்கிள் என்னைப் பிடித்துக்கொள்வார். "தம்பி கிருபன், நீர் பிளேனிலை என்ன செய்யிறனீர், பைலற்றோ?" இல்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்ப பெட்டி ஏத்துறதோ?" இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை உண்டு என்பதை எங்கள் சனம் லேசில் ஒத்துக்கொள்ளாது. நான் லைசன்ஸ் உள்ள மெக்கானிக், நான் கையெழுத்துப் போட்டால்தான் அது எழும்பும் என்று விளக்கினால், அங்கிள் நன்றாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப கார் பிறேக்கும் பாப்பீர் என்ன" என்பார்.

ஒருநாள் எனக்கு விசர் வந்து அப்படியொருவரை ரோல்ஸ் பலகாரத் தட்டோடு மூலையில் நிறுத்தி முழுவதையும் சொன்னேன். பெரிய எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது அங்கிள், யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். சுற்றிவிடுவது காற்று. அந்தக் காற்றை அழுத்திக் கொடுப்பது வாலில் இருக்கிற சின்னவன். சின்னவனை எழுப்ப ஒரு பற்றறி காணும், போதும். எழும்பினதும் பெரியவன் குடிக்கிற அதே எரிபொருளைக் குடித்துக்கொண்டு இரண்டு வேலை பார்ப்பான். ஒன்று மின்சாரம்: லைற்றும் கோப்பி மெசினும் அவனுடைய தயவில். மற்றது காற்று. அதில் ஒரு பங்கு பெரிய எஞ்சினைச் சுற்றப் போகும். மறு பங்கு விமானத்தின் வயிற்றிலுள்ள ஏசிப் பெட்டிக்குள் போய்க் குளிர்ந்து உங்கள் தலைக்கு மேல் வரும். பெரியவர்கள் இரண்டு பேரும் ஓடத் தொடங்கினதும் பைலற் ஒரு சுவிச்சைத் தட்டிச் சின்னவனை நிற்பாட்டிவிடுவார். கலியாண வீட்டில் விடிய எழும்பி அடுப்பு மூட்டினவனைப் பந்தி தொடங்கினதும் பின்கதவால் அனுப்புகிற மாதிரித்தான். அங்கிள் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "அப்ப பைலற் நீர் இல்லை" என்றார்.

நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். நிலத்தில் நிற்கும்போது உள்ளே வருவது சின்னவனின் காற்று. பறக்கும்போது வருவது பெரியவர்களின் காற்று. இது முதல் வருடப் பாடம். 2009 மே மாதம் அந்த முதல் வருடப் பாடத்தை லைசன்ஸ் வைத்திருந்த நான் மறந்தேன். ஏன் மறந்தேன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கராஜுக்குள் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. குசினிக்குள் இருப்பது வருகிறவர்களுக்குக் காட்ட. கராஜுக்குள் இருப்பது சமைக்க. ஜனவரி மாதம் மைனஸ் இருபதில் என் மனைவி சுபாங்கி தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கராஜில் நின்று மீன் பொரிப்பாள். எங்கள் ஜக்கெற்றுகள் வீட்டுக்குள் வராது, மணம் பிடிக்காமல் காரின் பின்பெட்டியில் பிளாஸ்ரிக் பைக்குள் படுத்திருக்கும். வேலைக்குப் போகுமுன் நான் என் சேர்ட்டை ஒருமுறையும் தலைமுடியை ஒருமுறையும் மணந்து பார்ப்பேன். தலைமுடியை எப்படி மணப்பது என்று கேட்காதீர்கள், சுபாங்கியைக் கேட்பேன். "உமக்கு மூளையிலைதான் மணக்குது" என்பாள்.

இது கொலிஜ் முதல் கிழமையில் தொடங்கின வருத்தம். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெடியன் ஒன்றும் சொல்லாமல் கதிரையை அரை அடி தள்ளிப் போட்டான். ஒரு சொல் சொல்லியிருந்தால் திருப்பி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த அரை அடியை நிரப்பத்தான் பிறகு முழு ஆயுளும் சவர்க்காரம் போட்டேன். எனக்கு வெட்கம். இப்போதும் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இனி அந்த மே மாதம். ஊரில் சண்டை கடைசிக் கட்டத்தில், கடற்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் சனம் அடைபட்டுக் கிடந்தது. இங்கே எங்கள் ஆட்கள் சண்டையை நிற்பாட்டச் சொல்லி றோட்டில் நின்றார்கள். பத்தாம் திகதி, அன்னையர் தினத்தன்று, கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறிக் குந்திவிட்டார்கள். எங்கள் டியூட்டி மனேஜர் பேர்னி அந்த றோட்டில் மூன்று மணித்தியாலம் தாயோடும் ஐஸ்கிறீம் கேக்கோடும் மாட்டுப்பட்டார். கேக் உருகித் தாயின் மடியில் ஊற்றிய கதையை அந்தக் கிழமை ஹாங்கரில் நான் ஒன்பது தரம் கேட்டேன். பேர்னி பேசுவது இங்கிலீஷ், தமிழில் இப்படி வரும்: "உன்னைச் சொல்லவில்லை கிருபன். உன் ஆட்களைச் சொல்கிறேன்."

உடனே நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அந்த மாதம் முழுவதும் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், யாருக்கும் இடைஞ்சல் தராத தமிழன் என்று ஒரு பட்டம் இருந்தால் எனக்குத்தான் தந்திருப்பார்கள்.

அருள்மலர் அக்காவுக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை. அவர் விமானத்துக்குள் துப்புரவு செய்பவர், வேறொரு கொம்பனியின் ஆள். வயது ஐம்பத்திரண்டு, முல்லைத்தீவுக் கடற்கரை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்ததும் அந்த நீல யூனிஃபோர்முடனேயே பஸ்ஸும் சப்வேயும் பிடித்து டவுன்ரவுன் போய்ச் சனத்தோடு நிற்பார். பிறகு நித்திரையில்லாமல் வந்து இருநூறு ஆசனப் பைகளுக்குள் கைவிட்டுக் குப்பை பொறுக்குவார். அவருடைய தம்பி சீமோன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஐந்து பேரும் அந்தத் துண்டு நிலத்துக்குள் இருந்தார்கள்.

அக்காவின் ஹான்ட்பாக்கில், உறவினரைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஒரு ஸ்பொன்சர் ஃபோம் இருந்தது. ஐந்து பேரின் பெயரும் நிரப்பியிருந்தது. அவரைப் போலத் தனி ஆளாக இருந்தால் ஒரு உறவை அவருடைய குடும்பத்தோடு கூப்பிட விடுவார்கள். ஆனால் கூப்பிடுகிறவருக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும், கொம்பனி கடிதம் தர வேண்டும். "வேலை இருக்கிற வரைக்கும் சீமோனுக்கு ஒரு வழி இருக்குத் தம்பி" என்று என்னைக் காணும்போதெல்லாம் சொல்லுவார். நான் சுற்றிவரப் பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா" என்று மெல்லச் சொல்லுவேன். யாரும் நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுவிடக் கூடாதே.

பதினாலாம் திகதி வியாழக்கிழமை கியூபாவிலிருந்து ஒரு விமானம் வந்தது. எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன், வக்கீல் பிடிக்க எனக்கு வசதியில்லை. ரேர்மினலை ஒட்டாமல் தூரத்தில் நிற்பாட்டினார்கள். அங்கே வெளிமின்சாரமும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. அடுத்த பயணம் வரை ஏ.பி.யு.தான் எல்லாம். பயணிகள் இறங்கி, துப்புரவுக்காரர்கள் ஏறி அரை மணியாகியிருந்தது. புதிய பைலற் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, விமானத்தின் கோளாறுகளைப் பதிகிற லொக் புத்தகத்தில் எழுதினார்: உள்ளே கெட்ட நாற்றம், பழுதான மீன் அல்லது ஊத்தைச் சொக்ஸ்.

மணத்துக்கு இரண்டு சொல் எழுதியிருந்தார், மீன், சொக்ஸ். இரண்டாவது சொல்லைக் கண்டதும் எந்த மெக்கானிக்குக்கும் காது நிமிர வேண்டும். சின்னவனுக்குள் சுழலும் அச்சு எண்ணெயில் நிற்கிறது. எண்ணெய் காற்றுக்குள் போகாமல் தடுக்க ஒரு வளையம் உண்டு, சீல் என்போம். அது தேய்ந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சூடான காற்றுக்குள் விழுந்து எரிந்து, ஏசிப் பெட்டி வழியாக உள்ளே வரும். அந்த மணம் ஊத்தைச் சொக்ஸ் மணம். கவிதையாகச் சொல்லவில்லை, பயிற்சிப் புத்தகத்திலேயே சொக்ஸ் என்றுதான் அடித்திருக்கிறது. அதை மூச்சாக இழுப்பது ஒருவருக்கும் நல்லதல்ல.

நான் முதல் சொல்லைப் படித்தேன். மீன். அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் என் கண்ணில் படவில்லை.

பேர்னியும் நானும் ஏறினோம். மணம் உண்மையாகவே மூக்கைத் துளைத்தது. பின்பக்க மேசையில், எல்லாத் துப்புரவுக்காரர்களின் சாப்பாட்டுப் பைகளுக்கும் நடுவில், அருள்மலர் அக்காவின் எவர்சில்வர் டப்பா இருந்தது. நான் மூடியைத் திறந்தேன். புட்டும் பாரைக் கருவாட்டுக் குழம்பும். என் முகம் சூடேறியது. என் கராஜ், என் பிளாஸ்ரிக் பை, என் இத்தனை வருடச் சவர்க்காரம் எல்லாவற்றையும் இந்த மனிசி ஒரு டப்பாவில் கொண்டுவந்து பேர்னிக்கு முன்னால் திறந்து வைத்த மாதிரி எனக்குக் கோபம் வந்தது. திறந்தது நான் என்பதுகூட உறைக்கவில்லை.

"என்னக்கா இது, உள்ளுக்கை கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்தார். "தம்பி, உது மச்ச மணம் இல்லை. நான் கருவாட்டுக்குள்ளை பிறந்தனான். உது மேலையிருந்து வருது, காத்தோடை வருது. பாரும், டப்பா மூடித்தான் கிடந்தது."

மேலிருந்து வருகிறது என்று சொன்னார். கையை உயர்த்திக் காற்று வரும் துவாரத்தைக் காட்டினார். பேசின தொழில்நுட்பம் முழுவதும் சரி. ஆனால் என்னிடம் லைசன்ஸ் இருந்தது, அவரிடம் விளக்குமாறு இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: கடற்கரை ஆட்கள் என்றால் எங்கள் வீட்டில் என் தாய் தகப்பன் காலத்திலிருந்தே ஒரு இளக்காரம். கனடாவுக்கு வரும்போது சூட்கேசில் அதையும் மடித்து வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

செய்ய வேண்டிய சோதனை பத்து நிமிட வேலை. ஏ.பி.யு. காற்றை நிற்பாட்டி, வெளியிலிருந்து காற்று வண்டி கொண்டுவந்து ஊதி, மணம் போகிறதா என்று பார்க்க வேண்டும். நான் செய்யவில்லை. பேர்னி, "என்ன இது?" என்று கேட்டார். "இவர்களின் சாப்பாடு. மீன்" என்றேன். இவர்களின் என்றேன், எங்களின் என்று சொல்லவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டு லொக் புத்தகத்தில் எழுதினேன்: துப்புரவு ஊழியரின் உணவின் மீன் நாற்றம், காற்றோட்டம் செய்யப்பட்டது, கோளாறு இல்லை. கீழே கையெழுத்து. விமானம் எழும்பியது, பெரிய எஞ்சினின் காற்று வந்தது, மணம் போய்விட்டது. பாருங்கள், டப்பாவை இறக்கினதும் மணம் போய்விட்டது என்று எல்லாருக்கும் திருப்தி.

பின்னேரமே அக்காவின் விமான நிலையப் பாஸைப் பறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அதுவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் என் கையெழுத்து.

வெள்ளியும் சனியும் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். சட்டம் சட்டம்தானே, அவவுக்கும் ஒரு பாடம், வேறு கொம்பனி எடுக்கும். சுபாங்கியிடம் சொன்னபோது அவள் கராஜ் அடுப்பை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு நான் ஆக்கின சாப்பாட்டைக் கண்டாலும் நீர் இப்பிடித்தான் எழுதுவீர்" என்றாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு போடவில்லை. நானே போட்டுத் தின்றேன், அந்த அளவுக்கு ரோசம் எனக்கில்லை.

திங்கட்கிழமை, பதினெட்டாம் திகதி. விக்ரோறியா மகாராணி பிறந்தநாள் என்று நாடு முழுவதும் லீவு. எனக்கு ஷிஃப்ற். காரில் தமிழ் ரேடியோ போட்டேன். செய்தி வாசிக்கிறவர் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்க முடியாமல் விட்டுவிட்டார். பிறகு வாத்திய இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. சண்டை முடிந்துவிட்டது. வேலைத்தலக் கார் பாக்கிங்கில் எஞ்சினை நிற்பாட்டாமல் பத்து நிமிடம் இருந்தேன். எனக்கு அங்கே இப்போது ஒருவரும் இல்லை, எல்லாரும் முன்னமே இங்கே வந்து மார்க்கம், அஜக்ஸ் பக்கமெல்லாம் வீடு வாங்கிவிட்டார்கள். அதனால் அழுவதற்கு எனக்கு உரிமையில்லை என்று ஒரு விசர் எண்ணம். ஆனாலும் அழுதேன். பிறகு கண்ணாடியில் முகத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டு, சிரிக்கிற முகத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பதினொரு மணிக்கு அதே விமானம் வந்தது. அதே தூரத்து இடம், ஏ.பி.யு. ஓடிக்கொண்டிருந்தது. படியில் ஏறி உள்ளே காலை வைத்தேன். அதே நாற்றம் பளாரென்று முகத்தில் அடித்தது. இன்னும் மோசமாக.

அருள்மலர் அக்கா இல்லை. துப்புரவுக்காரர்கள் இன்னும் ஏறவேயில்லை. டப்பா இல்லை, புட்டு இல்லை, தமிழன் என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான், நானும் அன்று காலை பாணும் ஜாமும் சாப்பிட்டவன்.

விமானி ஆசனத்தில் இருந்துகொண்டு லொக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏழாம் திகதி, ஏ.பி.யு.வுக்கு ஒரு தகர ரின் எண்ணெய் ஊற்றப்பட்டது. பன்னிரண்டாம் திகதி, இன்னொரு ரின். இரண்டுக்கும் கீழே என் அழகான கையெழுத்து. வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றும் எழுதியிருந்தேன். அட மடையா, வெளியே ஒழுகாத எண்ணெய் எங்கே போகும்? உள்ளேதான் போகும். இருநூறு பேரின் மூக்குக்குள் போகும். நிலத்தில் நிற்கும்போது மட்டும் வரும், ஏனென்றால் சின்னவன் ஓடுவது நிலத்தில். துப்புரவுக்காரர்கள் ஏறுவதும் நிலத்தில். இவ்வளவுதான் விஷயம்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று சுகமான வழி. ஏ.பி.யு.வின் காற்று வால்வு இறுகிவிட்டது என்று ஒரு பொய்யை எழுதி, வேலை செய்யவில்லை என்று சிவப்பு அட்டை ஒட்டிவிடலாம். சின்னவன் இல்லாமலும் விமானம் பறக்கும், வெளியிலிருந்து ஒரு வண்டி காற்றை ஊதி எஞ்சினைச் சுற்றிவிடும். பிறகு ஏ.பி.யு.வைக் கழற்றிப் புதிது மாற்றுவார்கள். பயணிக்கும் ஆபத்தில்லை, எனக்கும் ஆபத்தில்லை. வியாழக்கிழமை எழுதின மீன் மீனாகவே இருக்கும். நான் பேனாவை எடுத்தேன். "வால்வு" வரை எழுதியும் விட்டேன்.

ஃபோன் அடித்தது. அருள்மலர் அக்கா.

"தம்பி, கரைச்சல் தாறதெண்டு நினைக்காதையும்" என்றார். குரல் அடைத்துப் போயிருந்தது. "சண்டை முடிஞ்சுதாம். சனம் வெளியிலை வருகுதாம். சீமோனாக்களும் வந்திருப்பினம்தானே. இனித்தான் எனக்கு இந்த வேலை வேணும். நாளைக்கு மீற்றிங்கிலை சொல்ல எனக்கு இங்கிலீசிலை ரண்டு வசனம் எழுதித்தாரும். நான்தான் மீன் கொண்டுவந்தனான், என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு."

"அக்கா, நீங்கள்தானே மச்ச மணம் இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"இல்லைத்தான். எனக்குத் தெரியாதே? ஆனால் உம்மை மாதிரிப் படிச்ச ஆள் எழுதிப்போட்டுது. நான் இல்லையெண்டால் பிடிவாதக்காரி எண்டு துரத்திப்போடுவினம். ஓமெண்டால் மன்னிப்பினமோ எண்டு பாக்கிறன். கடிதம் கிடைச்சாக் காணும்."

அவர், "தம்பி, நிக்கிறீரோ?" என்று இரண்டு தரம் கேட்டார். நிற்கிறேன் என்றேன். பிறகு, "ஒண்டும் சொல்லாதையுங்கோ அக்கா. ஓமெண்டு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. நான் பாக்கிறன்" என்று வைத்துவிட்டேன். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்க அந்த மனிசி என்னிடமே இங்கிலீஷ் கேட்கிறது. இதைவிட ஒரு செருப்படி உலகத்தில் இல்லை.

"வால்வு" என்று எழுதினதை வெட்டினேன். பேர்னியைக் கூப்பிட்டு, "ஒரு பத்து நிமிடம் வந்து மூக்கைத் தா" என்றேன்.

பேர்னி வந்து நடு வரிசையில், கையில் கோப்பியோடு இருந்தார். ஏ.பி.யு. காற்று வந்துகொண்டிருந்தது, முகத்தைச் சுளித்தார். நான் அதை மூடினேன். கீழே காற்று வண்டியின் குழாயைச் செருகினார்கள். ஐந்து நிமிடத்தில் மணம் குறைந்தது, எட்டில் போய்விட்டது. திரும்ப ஏ.பி.யு. காற்றைத் திறந்தேன். சொக்ஸ் திரும்பி வந்தது. பேர்னி கோப்பியைக் கீழே வைத்தார்.

"எண்ணெய்" என்றார்.

"எண்ணெய்தான். வியாழக்கிழமையும் எண்ணெய்தான். இரண்டு ரின் ஊற்றினது நான். சோதிக்காமல் மீன் என்று எழுதினதும் நான். அந்தப் பெண் செய்த குற்றம் மதியச் சாப்பாடு கொண்டுவந்தது மட்டும்."

பேர்னி மேலே காற்று வரும் ஓட்டையைப் பார்த்தார். அவர் நியூபவுண்ட்லாந்துக்காரர், தகப்பன் கொட் மீன் பிடித்தவர். "எனக்கு அன்றைக்கே அது மீன் மாதிரித் தெரியவில்லை" என்றார்.

"அப்போ ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"நீதானே சொன்னாய். உங்கள் மீன் எப்படி மணக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? அவளும் தமிழ், நீயும் தமிழ். உங்கள் ஆளே மீன் என்று சொல்லும்போது இல்லை என்று சொல்ல நான் யார்?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தால் அறை விழ வேண்டிய கன்னம் என்னுடையது. அந்த மனிசன் கேக்கையும் தாயையும் வைத்து ஒன்பது தரம் எங்களைத் திட்டியிருக்கலாம், ஆனால் அருள்மலர் அக்காவின் பாஸைப் பறிக்க அவருக்கு என் வாய் தேவைப்பட்டது. நான் அதைத் தயங்காமல் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் எழுதினேன். வியாழக்கிழமை நான் செய்யாததையும் சேர்த்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு அக்கா சேலை உடுத்து, நல்ல கைப்பையோடு வந்திருந்தார். அவரை இருத்திவைத்து என்னை விசாரித்தார்கள். அரை மணியில் அவருக்குப் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள், எனக்கு ஆறு மாதம் கையெழுத்துப் போடத் தடை. அவ்வளவு காலமும் நான் பழக்கிவிட்ட பெடியளுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை. மில்லிக்கன் பார்ட்டியில் அங்கிள் கேட்டபோது, "இப்ப பெட்டி ஏத்துறன் அங்கிள்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோசம், கடைசியில் விளங்கிவிட்டது.

அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை, ஏசவும் இல்லை. காணும்போது, "சாப்பிட்டீரோ" என்பார், போய்விடுவார். கொம்பனி கடிதம் கிடைத்துவிட்டது என்று மட்டும் ஒருநாள் சொன்னார். ஒவ்வொரு நாளும், தப்பி வந்த சனத்தை வைத்திருந்த வவுனியாவுக்கு ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார். முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர் விபரம் சரியாக வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

யூன் இரண்டாம் கிழமை, சாப்பாட்டு அறையில் நான் தனிய இருந்தேன். அக்கா வந்து எதிரில் இருந்தார். ஹான்ட்பாக்கைத் திறந்து அந்த ஃபோமை எடுத்து மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வவுனியா ஆஸ்பத்திரியிலையிருந்து ஃபாதர் ஒருத்தர் ஃபோன் எடுத்தவர்" என்றார். "ரண்டாவது பிள்ளை ரதி மட்டும் நிக்கிறாளாம். கையிலை காயம். ஒன்பது வயசு." ஃபோமில் விரலை வைத்தார். "மற்ற நாலு பேரையும் எடுத்துவிடும் தம்பி. உம்முடைய எழுத்து வடிவு."

ஏதாவது உதவியாகச் சொல்ல வேண்டும் என்று, "புதுசா ஒரு ஃபோம் எடுத்து வடிவா நிரப்புவம் அக்கா. இது வெட்டுக்கொத்தா இருக்கும்" என்றேன்.

"புதுசிலை அவையின்ரை பேர் இராதே" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். எங்கள் லொக் புத்தகத்தில் ஒரு வரி பிழைத்தால் அழிக்கவும் கூடாது, கறுப்பாக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு, கீழே இருப்பதை யாரும் வாசிக்கக் கூடியதாக. பக்கத்தில் வெட்டினவரின் முதலெழுத்து. அதை அக்காவுக்குச் சொன்னேன். ஓம் என்றார்.

சீமோன். ஒரு கோடு. ஃபோம் அவருடையது என்பதால் பக்கத்தில் அக்கா தன் முதலெழுத்தைப் போட்டார். யசிந்தா. ஒரு கோடு. டனிஸ்ரன். கடைசிப் பிள்ளை அமலி, ஃபோமில் பிறந்த திகதியைப் பார்த்தேன், மூன்று வயது ஆகியிருக்கவில்லை. கோடு வளைந்துவிட்டது. "பரவாயில்லை" என்றார் அக்கா. அதற்கும் பக்கத்தில் எழுத்துப் போட்டார்.

பேப்பரை எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார். "வாசிக்கேலும் என்ன?"

"ஓம் அக்கா. எல்லாம் வாசிக்கலாம்."

கைப்பையிலிருந்து கொம்பனிக் கடிதத்தை எடுத்துத் தந்தார். சேர்த்துக் குத்தச் சொன்னார். முதல் தரம் ஸ்ரேப்லர் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் பிடித்தது.